சிறுநீர்க் கசிவுக்குக் கத்தி வைக்காத வைத்தியம்: எங்கிருந்து தொடங்குவது?

தும்மல் வரும்போது கால்களைப் பின்னிக்கொள்வதும், கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துவைப்பதும், நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்காகக் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், நம் வீட்டுப் பெண்கள் பலர் யாரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் செய்துவரும் காரியங்கள். வாய் திறந்து சொன்னாலோ, "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்" என்றோ, "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்றோ பதில் வரும். பிரசவமும் வயதும் இதற்குக் காரணங்கள் என்பது சரிதான். ஆனால் அதற்காகக் காலமெல்லாம் சகித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான பெண்களுக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலேயே கசிவு குறைகிறது, பலருக்கு நின்றும் போகிறது. இப்போதுதான் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருப்பவர்கள் எதை முதலில் செய்ய வேண்டும், எதை எத்தனை நாள் செய்ய வேண்டும், எப்போது அடுத்த படிக்குப் போக வேண்டும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். இது மருத்துவரைப் பார்ப்பதற்கு மாற்று அல்ல. மருத்துவரிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கான தயாரிப்பு என்று கொள்ளலாம்.

உங்களுடையது எந்தக் கசிவு?

சிறுநீர்ப்பை என்பது ஏறத்தாழ 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும் ஒரு தசைப்பை. அது நிரம்பும்வரை பையின் தசை தளர்ந்திருக்க வேண்டும்; சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகியிருக்க வேண்டும். இந்த இரண்டில் எது தவறுகிறது என்பதைப் பொறுத்தே வைத்தியம் மாறும் என்பதால், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்குக் கேட்காமல் போவதில் வியப்பில்லை.

இருமும்போதும் தும்மும்போதும் சிரிக்கும்போதும், தண்ணீர்க் குடத்தையோ கேஸ் சிலிண்டரையோ தூக்கும்போதும் சிறிதளவு கசிந்தால், அது அழுத்தக் கசிவு. வயிற்றுக்குள் திடீரென ஏறும் அழுத்தத்தைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டிய இடுப்புத் தளத் தசைகளால் தாங்க முடியவில்லை என்பது இதன் பொருள். மருந்துச் சீட்டில் 'ஸ்ட்ரெஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, மன அழுத்தத்தால் வருகிறது என்று மருத்துவர் சொல்வதாக நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. இதற்கும் மனத்துக்கும் தொடர்பில்லை.

வேறு சிலருக்கு இருமினாலும் தும்மினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வீட்டுக் கதவில் சாவியை நுழைக்கும் நொடியிலோ, குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதுமோ, தாங்க முடியாத அவசரம் வந்து, கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் உடை நனைந்துவிடும். இது அவசரக் கசிவு. இங்கே பையின் தசையே நிரம்பும் முன் தானாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டும் கலந்து இருப்பதும் மிகச் சாதாரணம். அப்படி இருந்தால், எது அதிகம் தொல்லை தருகிறதோ அதற்கான வைத்தியத்திலிருந்து தொடங்குவதே வழக்கம்.

இன்னும் இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய் நீண்ட நாள் இருந்து நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பை முழுவதும் காலியாகாமல், நிரம்பிச் சொட்டுச் சொட்டாக வழியலாம். சிறுநீர் கழித்த பிறகு எடுக்கும் ஸ்கேனில் பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மூட்டு வலியால் எழுந்து நடப்பதற்குள் நேரமாகிவிடும் முதியவர்களுக்கோ பையில் குறையே இராது. கட்டிலருகே வைக்கும் கழிப்பறை நாற்காலியும், வழியில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும், இரவு விளக்கும் மாத்திரைகளைவிட அதிகமாக உதவும்.

தள்ளிப்போடக் கூடாத நிலைகள்

சிறுநீரில் ரத்தம், எரிச்சலோடு காய்ச்சல், அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அறவே பிரியாமல் போவது, பிறப்புறுப்பில் கட்டியோ சதையோ இறங்கி வருவது போன்ற உணர்வு ஆகியவை இருந்தால் பயிற்சி என்று வீட்டிலேயே காலம் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கசிவு திடீரெனத் தொடங்கி, அதோடு கால்கள் பலவீனமாகி, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகெலும்பு நரம்புகள் நசுங்கியிருக்கலாம். கடினமான பிரசவத்துக்குப் பிறகோ கர்ப்பப்பையை அகற்றிய பிறகோ இரவும் பகலும் நில்லாமல் ஒழுகினால், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுந்திருக்கக்கூடும். அதற்குத் தசைப் பயிற்சி பயன்படாது.

இவை ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் கட்டாயம். தொற்றோ கட்டுப்படாத சர்க்கரையோ இருக்கும்போது மற்ற முயற்சிகள் எல்லாம் ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போலத்தான். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாகப் பிரியவைப்பவை. எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற வேறு சில, சிலருக்கு ஓயாத வறட்டு இருமலைத் தரும். அந்த இருமலே கசிவைக் கூட்டும். மாத்திரையை மாற்றிக் கொடுத்ததும் பாதித் தொல்லை தீர்ந்துவிடுவதும் உண்டு. ஆனால் அதை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது.

மூன்று நாள் குறிப்பேடு

செலவில்லாத, ஆனால் பெரும்பாலோர் செய்யாமல் விடும் படி இது. ஒரு பழைய நோட்டும், மில்லி அளவு போட்ட பிளாஸ்டிக் குவளையும் போதும். குறைந்தது மூன்று நாள், எந்த நேரத்தில் என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு மில்லி கழித்தீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுத வேண்டும். வேலைக்குப் போகும் நாள் ஒன்றும் வீட்டில் இருக்கும் நாள் ஒன்றும் அதில் இருப்பது நல்லது.

இந்த ஏடு என்ன காட்டும் என்பதைப் புரிந்துகொள்ள, 52 வயதுப் பெண் ஒருவரின் காலைப்பொழுது இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5.30 மணி, எழுந்ததும் 380 மில்லி. 5.45, ஒரு டம்ளர் காபி. 6.40, அவசரம், 120 மில்லி. 7.15, இரண்டாவது காபி. 7.50, பாத்திரம் துலக்கும்போது அவசரம், போவதற்குள் நனைந்தது, 90 மில்லி. 8.30, வரவில்லை என்றாலும் பேருந்து ஏறுமுன் எதற்கும் இருக்கட்டும் என்று போனது, 60 மில்லி.

இந்த ஆறு வரியில் நிறையச் செய்தி இருக்கிறது. இரவு முழுவதும் 380 மில்லியைத் தாங்கிய பை, பகலில் 90 மில்லிக்கே கூச்சலிடுகிறது. ஆகவே பை சிறியதல்ல, அவசரப்படப் பழகியிருக்கிறது. ஒவ்வொரு அவசரமும் காபி குடித்த ஒரு மணி நேரத்துக்குள் வந்திருக்கிறது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று போவது, பாதி கூட நிரம்பாமல் காலியாகும் பழக்கத்தை இன்னும் ஊட்டுகிறது. இவருக்கு முதலில் வேண்டியது பைக்கான பயிற்சி. பகலில் ஆறு முதல் எட்டு முறை, இரவில் ஒரு முறை போவது இயல்பு என்பதை நினைவில் வைத்து உங்கள் ஏட்டைப் படித்துப் பாருங்கள்.

இடுப்புத் தளத் தசைப் பயிற்சி

அழுத்தக் கசிவுக்கும் கலப்புக் கசிவுக்கும் இதுவே முதல் வைத்தியம். 1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் இதைப் பற்றி எழுதியதால் கீகல் பயிற்சி என்று பெயர் நிலைத்தது. வாயால் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. தசை சுருங்கும் அழுத்தத்தை முள் காட்டும் கருவி ஒன்றையும் அவர் உருவாக்கிக்கொண்டார். அவருடைய எச்சரிக்கை சரியானது என்பதை 1991இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 47 பெண்களுக்கு வாய்மொழியாகச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்துச் செய்யச் சொன்னபோது, ஏறத்தாழ பாதிப் பேரே சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் கசிவைக் கூட்டக்கூடிய முறையில் கீழ்நோக்கி முக்கினார்கள். "நானும் ஆறு மாசம் செஞ்சேன், ஒண்ணும் ஆகலை" என்று சொல்பவர்களில் கணிசமானோர் இந்தக் கால்வாசியைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

எனவே முதலில் தசையைக் கண்டுபிடிக்க வேண்டும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் காற்றுப் பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்குங்கள். அதே நேரத்தில் சிறுநீரை நிறுத்துவது போல முன்பக்கத்தையும் சுருக்கி, இரண்டையும் சேர்த்து உள்ளே மேல்நோக்கி இழுங்கள். தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. ஒன்று முதல் ஐந்து வரை சத்தமாக எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சை அடக்க முடியாது. சரிபார்க்க ஒரு கைக்கண்ணாடி போதும்: பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி உள்ளே போக வேண்டும். வெளியே பிதுங்கினால் நீங்கள் முக்குகிறீர்கள் என்று பொருள், உடனே நிறுத்துங்கள். சுத்தமான விரலைப் பிறப்புறுப்பில் வைத்துப் பார்த்தால், விரலைச் சுற்றி இறுகி மேலே இழுப்பது தெரியும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதைத் தினசரிப் பயிற்சியாக்கக் கூடாது. பை சரியாகக் காலியாகாமல் தொற்றுக்கு இடம் கொடுக்கும்.

தசை பிடிபட்டதும், மூன்று விநாடி இறுக்கம், மூன்று விநாடி முழுத் தளர்வு என்று தொடங்கி, வாரங்கள் போகப் போக இறுக்கத்தைப் பத்து விநாடி வரை கொண்டுபோகலாம். ஒரு தடவைக்குக் குறைந்தது எட்டு முறை, நாளுக்கு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையின் முடிவிலும் சட்சட்டென்று இறுக்கித் தளர்த்தும் வேகச் சுருக்கங்கள் சில. தளர்வும் பயிற்சியின் பாதி. முதல் இரண்டு வாரம் படுத்தும், பிறகு உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்ய வேண்டும். ஏனென்றால் கசிவு பெரும்பாலும் நிற்கும்போதுதான் வருகிறது. தனியாக நேரம் ஒதுக்குவது நம் சமையலறைகளில் நடக்காத காரியம் என்பதால், பல் துலக்கியதும், மதியம் சாப்பிட்டதும், இரவு படுத்ததும் என்று ஏற்கெனவே உள்ள பழக்கங்களோடு முடிந்துவைப்பது நல்லது.

கூடவே பழக வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தும்மலோ இருமலோ வரும் அந்த நொடிக்குச் சற்று முன்பாக இடுப்புத் தளத்தை இறுக்கி, அது முடியும்வரை விடாமல் பிடித்திருப்பது; குடத்தைத் தூக்குமுன்னும் அப்படியே. தசை வலுப்பெற மாதங்கள் ஆகும் என்றாலும் இந்த நேரம் பார்த்து இறுக்கும் பழக்கம் ஒரு வாரத்திலேயே கைகூடி இருமல் கசிவைக் குறைத்ததை 1998இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடத்திய ஆய்வு காட்டியது.

பயிற்சியைக் குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். முதல் மாதத்தில் ஒன்றும் தெரியாது. அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிய 2018ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பின்படி, அழுத்தக் கசிவு உள்ளவர்களில் பயிற்சி செய்தவர்களில் 56 விழுக்காட்டினர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 விழுக்காட்டினரே அப்படிச் சொன்னார்கள். விலையில்லாத வைத்தியத்துக்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டுமா?

தனியாகச் செய்து பிடிபடவில்லை என்றால், பெண்கள் நலத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பும்படி மகளிர் நோய் மருத்துவரைக் கேளுங்கள். பரிசோதிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. கையுறை அணிந்த விரலால் ஒரு நிமிடம் பரிசோதித்தாலே, சரியாகச் சுருங்குகிறதா என்பதைச் சொல்லிவிடுவார். தசையைச் சுருக்கவே இயலாதவர்களுக்கு, சுருக்கத்தைத் திரையில் காட்டும் கருவியும், மெல்லிய மின்தூண்டலும் உதவும். உடை மாற்றாமல் உட்கார்ந்தாலே போதும் என்று விளம்பரம் செய்யப்படும் காந்த நாற்காலிகளுக்குப் பணம் கட்டும் முன், ஒழுங்காகக் கற்ற பயிற்சியை மூன்று மாதம் செய்துவிடுங்கள் என்பதே என் யோசனை. மாறாக, இடுப்பு அடியில் எப்போதும் வலியும் உடலுறவில் வலியும் உள்ளவர்களுக்குத் தசை ஏற்கெனவே இறுகிக் கிடக்கலாம். அவர்கள் பரிசோதனைக்கு முன் இந்தப் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

பையைப் பழக்குதல்

அவசரக் கசிவு உள்ளவர்கள், ஏட்டைப் பார்த்து எத்தனை நேரம் எளிதாகத் தாங்க முடிகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் என்றால், அவசரம் வந்தாலும் வராவிட்டாலும் மணிக்கு ஒருமுறை மட்டும் போக வேண்டும். ஒரு வாரம் அது நிலைத்ததும் பதினைந்து நிமிடம் கூட்ட வேண்டும். இப்படிக் குறைந்தது ஆறு வாரம் தொடர்ந்து, மூன்று மணி நேர இடைவெளியை எட்டுவது இலக்கு.

இடையில் அவசரம் வந்தால் ஓடக் கூடாது. ஓடினால் பை குலுங்கும், மனமும் பதறும். நின்ற இடத்தில் நின்று, முடிந்தால் உட்கார்ந்து, இடுப்புத் தளத்தை ஐந்தாறு முறை வேகமாக இறுக்கித் தளர்த்துங்கள். அந்தச் சுருக்கம் பையின் தசையை அடங்கச் செய்யும். நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்து எண்ணுவது போல மனத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். அவசரம் அலை போல ஏறி இறங்கும். இறங்கிய பிறகு நிதானமாக நடந்து போகலாம்.

குடிப்பது, உண்பது, எடை

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதே நம் பெண்களின் முதல் கைவைத்தியம். அது தவறான வைத்தியமும்கூட. சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும், மலச்சிக்கலும் தொற்றும் சேர்ந்துகொள்ளும். சிறுநீரகமோ இதயமோ காரணமாக அளவு குறிக்கப்பட்டவர்கள் தவிர, மற்றவர்கள் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை நாள் முழுவதும் பரவலாகக் குடிக்கலாம். நம் ஊர்க் கோடையிலும் வெயிலில் வேலை செய்பவர்களுக்கும் இன்னும் கூடுதலாக வேண்டும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்வது இரவு எழுவதைக் குறைக்கும். காபி, டீயை ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும் என்பதால் வாரம் ஒரு டம்ளர் வீதம் படிப்படியாகக் குறைத்து, ஏட்டில் மாற்றம் தெரிகிறதா என்று பார்ப்பது நடைமுறைக்கு ஏற்றது.

மலச்சிக்கலுக்காக முக்குவது, தசைப் பயிற்சி கட்டியதை இடித்துத் தள்ளும். கீரை, கொய்யா, முழுத் தானியம், போதுமான தண்ணீர் ஆகியவற்றால் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி மருந்து வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

உடல் எடையைப் பற்றிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஆனாலும் இதில் தெளிவான சான்று இருக்கிறது. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அதிக எடையும் கசிவும் கொண்ட 338 பெண்கள் பங்கேற்றனர். ஆறு மாதத்தில் உடல் எடையில் சராசரியாக 8 விழுக்காடு குறைத்த குழுவில் கசிவு 47 விழுக்காடு குறைந்தது; மற்றக் குழுவில் 28 விழுக்காடு. 75 கிலோ உள்ளவருக்கு அது ஆறு கிலோ. எட்ட முடியாத எண் அல்ல.

மருந்துகளும் கருவிகளும்

மேற்சொன்னவற்றை ஒழுங்காகச் செய்தும் போதவில்லை என்றால் அடுத்த படி இது. அவசரக் கசிவுக்கு டோல்டெரோடின், சோலிஃபெனாசின் போன்ற மாத்திரைகள் பையின் தசையை அமைதிப்படுத்தும். வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல் ஆகியவை வரலாம். முதியவர்களுக்கு, குறிப்பாக மறதி உள்ளவர்களுக்கு, குழப்பத்தைக் கூட்டலாம் என்பதால் வீட்டிலிருப்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மிராபெக்ரான் வேறு வழியில் வேலை செய்வது. வாய் உலர்தல் குறைவு, ஆனால் ரத்த அழுத்தத்தைக் கவனித்துவர வேண்டும். எந்த மாத்திரையும் பலன் தெரிய நான்கு வாரமாவது ஆகும்.

மாதவிடாய் நின்ற பிறகு பிறப்புறுப்பில் வறட்சியும் எரிச்சலும் சேர்ந்து இருந்தால், உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு அவசரத்தையும் அடிக்கடி போவதையும் குறைக்கும். வாய்வழி ஹார்மோன் மாத்திரை அப்படியல்ல. அது கசிவைக் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரிந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் எதையும் தொடங்குமுன் புற்றுநோய் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அழுத்தக் கசிவுக்கும் கர்ப்பப்பை இறக்கத்துக்கும், பிறப்புறுப்புக்குள் வைக்கும் பெசரி என்னும் சிலிக்கான் வளையம் உண்டு. அளவு பார்த்து மருத்துவர் பொருத்துவார். சரியான அளவு என்றால் உள்ளே இருப்பதே தெரியாது. நடக்கும்போது உறுத்தினால் அளவு தவறு. கழற்றிக் கழுவி மாட்டிக்கொள்ளச் சிலர் கற்றுக்கொள்கிறார்கள். மற்றவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய்ச் செய்துகொள்கிறார்கள். வேலையின்போதோ நடைப்பயிற்சியின்போதோ மட்டும் கசிபவர்கள் அந்த நேரத்துக்கு மட்டும் அணியலாம்.

மாத்திரையும் பயிற்சியும் பலிக்காத அவசரக் கசிவுக்கு, கணுக்காலின் உட்புறம் மெல்லிய ஊசி செருகி நரம்பைத் தூண்டும் முறை இருக்கிறது: வாரம் ஒருமுறை முப்பது நிமிடம், பன்னிரண்டு வாரம். அக்குபஞ்சர் போலத் தோன்றினாலும் இது மின்தூண்டல். பைக்குள் போடோக்ஸ் ஊசி போடுவதும் உண்டு. அதன் பலன் சில மாதங்களில் தேய்ந்துவிடும். சிலருக்குச் சிறுநீர் பிரியாமல் போய்த் தற்காலிகமாகக் குழாய் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். சம்மதிக்குமுன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவு காலமும் நனையாமல் இருக்க என்ன செய்வது என்றால், மாதவிடாய் நாப்கினைவிடச் சிறுநீருக்கென்றே செய்த பேடுகள் ஈரத்தை உள்வாங்கும், தோலைப் புண்ணாக்காது. நனைந்ததும் மாற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி உலர்த்தினால் போதும்; வாசனைச் சோப்பு வேண்டாம்.

அறுவையைப் பற்றி எப்போது பேசலாம்?

சரியாகச் செய்கிறீர்கள் என்று ஒருவர் பரிசோதித்துச் சொன்ன பயிற்சியை மூன்று மாதம் செய்தும் அழுத்தக் கசிவு அன்றாட வாழ்வைக் கெடுக்குமானால், அப்போது அறுவையைப் பற்றிப் பேசுவது நியாயம். இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் பொதுவாக அதைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். அடுத்த கர்ப்பமும் பிரசவமும் சரிசெய்ததை மீண்டும் தளர்த்திவிடலாம். அந்தச் சந்திப்புக்குப் போகும்போது பழைய மூன்று நாள் ஏட்டோடு, மூன்று மாதம் கழித்து எழுதிய புதிய மூன்று நாள் ஏட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நாளுக்கு ஆறு முறை கசிந்தது இப்போது ஒரு முறையாகியிருந்தால், பயிற்சியை இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பதா, ஒரு பெசரியோடு நிறுத்திக்கொள்வதா என்பதை அந்த இரண்டு தாள்களை வைத்தே நீங்களும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய முடியும்.